தலையில்லாப் பேருயிர்

உலகில் வாழும் உயிர்களில் மிகப் பெரியது எது?

பள்ளிச் சிறுவனைக் கேளுங்கள். பட்டென்று பதில் வரும், திமிங்கலம் என்று! தவறில்லை. விலங்கினத்திலே நீலத் திமிங்கலத்துக்கு இணை இல்லை. நூறடி நீளம், நூற்றைம்பது டன்னுக்கு மேலும் ஏறும் எடை. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று நம்மவர் கூறுவர். திமிங்கலத்துக்கு அந்த முதற்பாதிச் சலுகையும் கிட்டவில்லை! இறந்தால்தான் பொன் என்று கணக்கிட்டனர் வணிகர். கொழுப்பை உருக்கினர், எண்ணெயாக்கினர், பீப்பாய்களில் அடைத்தனர், விற்றனர். இருபதாம் நூற்றாண்டிலே தென்கடல்களில் மட்டும் மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட நீலத் திமிங்கலங்கள் கொல்லப்பட்டன. 1966ஆம் ஆண்டு அனைத்துலகத் தடை வந்தது. தென்முனைக் கடலில் அதன் பின்னர் எஞ்சி நின்றவை சில நூறு! பெரிய உடல் அதனைக் காக்கவில்லை. பெரிய உடலே அதற்குப் பகையாயிற்று.

மரங்களின் பக்கம் திரும்புவோம். அமெரிக்காவிலே, கலிபோர்னியா மாநிலத்துச் செக்கோயா தேசியப் பூங்காவிலே, ஒரு மரம் நிற்கிறது. உயரம் 275 அடி. வயது இரண்டாயிரத்துக்கு மேல். ஒரே அடிமரம் கொண்ட மரங்களில், கன அளவு கொண்டு பார்த்தால், அதற்கே முதலிடம். அதன் பெயர் 'ஜெனரல் ஷெர்மன்'. உள்நாட்டுப் போரிலே படை நடத்திய தளபதியின் பெயர் அது. 1880களில் அந்தக் காட்டோரம் வந்து குடியேறிய கவேயா கூட்டுறவுக் குடியிருப்பினர், பொதுவுடைமைக் கனவு கண்டவர்கள், அதே மரத்துக்குக் 'கார்ல் மார்க்ஸ் மரம்' என்று பெயர் சூட்டி மகிழ்ந்தனர்! 1890இல் அரசு அந்தக் காட்டைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது, குடியிருப்பு கலைந்தது, தளபதியின் பெயரே நிலைத்தது. தளபதியும் தத்துவ ஆசிரியரும் பிறப்பதற்கு இரண்டாயிரம் ஆண்டு முன்னரே முளைவிட்ட மரத்துக்கு, எந்தப் பெயர் நின்றால் என்ன, எந்தப் பெயர் போனால் என்ன!

ஆயினும் பெயருக்கு ஒரு பயன் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2021இல் காட்டுத் தீ நெருங்கி வந்தபோது, ஷெர்மன் மரத்தின் அடிப்பகுதியைத் தீ தாங்கும் அலுமினியத் தகட்டால் போர்த்திக் காத்தனர். அதற்கு முந்திய ஆண்டு மூண்ட தீயிலே ஆயிரக்கணக்கான பெருஞ்செக்கோயாக்கள் கருகி மாண்டன. அவற்றுள் மிகப் பலவற்றுக்குப் பெயரில்லை, போர்வையும் இல்லை.

திமிங்கலமாயினும் செக்கோயாவாயினும், நம் கண்ணுக்கு அகப்படும் பெருமைகள் அவை. இங்கே தொடங்குகிறது, இங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். அளவுகோலை நீட்டலாம், எண்ணைக் குறிக்கலாம், வியந்துவிட்டு வீடு திரும்பலாம். ஆனால் அண்மைக் காலத்து ஆராய்ச்சி நம்மை அவ்வளவு எளிதில் வீடு திரும்ப விடுவதாயில்லை. மிகப் பெரிய உயிர்கள் நம் கண்ணெதிரே இல்லை, காலடியில் இருக்கின்றன என்கிறது அது.

1992ஆம் ஆண்டு ஒரு வேடிக்கையான போட்டி கிளம்பிற்று. மிச்சிகன் மாநிலத்துக் காட்டிலே, 37 ஏக்கர் நிலத்தின் கீழே, ஒரே ஒரு காளான் பரவிக் கிடப்பதாக ஆய்வாளர் மூவர் அறிவித்தனர். காளானா? மழை பெய்த மறுநாள் முளைத்து மாலையில் சாயுமே, அதுவா? அதுதான்! நாம் காண்பது காளானின் கனி போன்ற உறுப்பு மட்டுமே. உயிர் இருப்பது மண்ணுக்குள், நூலினும் நுண்ணிய இழைகளாக. செய்தி பரவியதும், எங்கள் ஊரிலே இதனினும் பெரிது இருக்கிறது என்று வாஷிங்டன் மாநிலத்திலிருந்து குரல் எழுந்தது: 1,500 ஏக்கர்! ஆண்டு முடிவதற்குள் கொலராடோவிலிருந்து மூன்றாவது குரல்: காளான் கிடக்கட்டும், எடையிலே எங்கள் மரத்தை வெல்ல முடியுமா என்று. பெரியது எவருடையது என்னும் பேராசை அறிவுலகத்தையும் விட்டபாடில்லை!

பரப்பிலே காளான்களுள் இன்று முதன்மை பெற்று நிற்பது, ஒரிகான் மாநிலத்து மல்ஹியூர் காட்டின் காளான். ஆர்மில்லேரியா என்பது அதன் குலப்பெயர். தேன் காளான் என்பது மக்கள் வழங்கும் பெயர். 2003இல் வெளியான ஆய்வின்படி அது பரவியுள்ள நிலம் 965 ஹெக்டேர், அதாவது 2,385 ஏக்கர். வயது, குறைத்துச் சொல்வோர் கணக்கிலும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு. கூட்டிச் சொல்வோர் கணக்கில் எட்டாயிரத்துக்கு மேல்.

இது ஒரே உயிர்தான், பல உயிர்களின் கூட்டமன்று என்று எப்படிக் கண்டனர்? மரபணுச் சோதனை ஒரு வழி. மற்றொரு வழி அதனினும் எளிது, நெஞ்சைத் தொடுவதும்கூட. காட்டின் ஒரு மூலையில் கிடைத்த இழையையும், நெடுந்தொலைவிலுள்ள மற்றொரு மூலையில் கிடைத்த இழையையும் ஒரே தட்டிலே வளரவிடுகின்றனர். இரண்டும் வேறு வேறு உயிரின் இழைகளாயின், சந்திக்கும் இடத்திலே எல்லைக்கோடு ஒன்று எழும். உன் இடம் அது, என் இடம் இது என்று விலகி நிற்கும். ஒரே உயிரின் இழைகளாயின், கோடு இல்லை, சுவர் இல்லை, ஒன்றோடொன்று கலந்துவிடும். மூளையில்லை, கண்ணில்லை, காதில்லை. எனினும் தான் எது, பிறிது எது என்று அதற்குத் தெரிகிறது!

கொலராடோக்காரர் பெருமிதத்தோடு குறிப்பிட்ட மரம் இருப்பது யூட்டா மாநிலத்தில், மீன் ஏரி எனப் பொருள்படும் ஏரியொன்றின் கரையோரக் காட்டிலே. ஆஸ்பென் என்னும் இன மரம். சிறு காற்றுக்கும் இலைகள் படபடத்து நடுங்கும். இலைக்காம்பு தட்டையாக இருப்பதே காரணம். 106 ஏக்கர் பரப்பிலே ஏறத்தாழ 47,000 மரங்கள் நிற்கின்றன. நாம் சென்று பார்த்தால் தோப்பு என்போம், காடு என்போம். பாதை ஊடே போகிறது. பயணிகள் இறங்கி நிழலில் அமர்கின்றனர். ஆனால் அங்கே இருப்பது 47,000 மரங்கள் அல்ல, ஒரே மரம்! ஒரே வேர்த்தொகுதியிலிருந்து எழுந்த தண்டுகள் அவை.

நமக்கு இது விளங்காத புதிர் அன்று. வாழையடி வாழை என்கிறோமே, அதே முறைதான். தாய்வாழை குலைதள்ளிச் சாய்வதற்குள் பக்கத்தில் கன்று எழுந்துவிடுகிறது. கன்று புது உயிரா, பழைய உயிரின் புதுத் தோற்றமா என்று நம் தோட்டக்காரர் எவரும் தர்க்கம் செய்ததில்லை. யூட்டாவிலும் அதே கதை: நூறு, நூற்று முப்பது ஆண்டு நின்ற தண்டு சாய்கிறது, வேரிலிருந்து மற்றொன்று எழுகிறது. 1970களில் பார்ன்ஸ், கெம்பர்மன் என்னும் ஆய்வாளர் இருவர் இலையின் வடிவத்தையும் பட்டையின் தன்மையையும் ஒப்பிட்டுப் பார்த்து, இத்தனையும் ஒன்றே என்று கண்டுரைத்தனர். 1992இல் கிரான்ட் என்பாரும் அவர்தம் தோழரும் அதற்குப் 'பாண்டோ' என்று பெயரிட்டனர். இலத்தீன் மொழியிலே 'பரவுகிறேன்' என்று பொருள். 2008இல் மரபணுச் சோதனையும் அதனை உறுதி செய்தது. எடை ஏறத்தாழ ஆறாயிரம் டன். வயது, 2024இல் வெளிவந்த மரபணுக் கணக்கீட்டின்படி, பதினாறாயிரத்துக்கும் எண்பதாயிரத்துக்கும் இடையில்! குறைந்த எண்ணையே கொண்டாலும், மனிதன் முதன்முதல் விதை விதைத்து அறுவடை செய்த நாளுக்கு முன்பே அது வேரூன்றிவிட்டது.

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலே, ஷார்க் விரிகுடாவின் ஆழமற்ற நீருக்கடியிலே, ஒரே கடற்புல் 180 கிலோமீட்டர் தொலைவு பரவி நிற்பதாக 2022இல் அறிவித்தனர். இருநூறு சதுர கிலோமீட்டர் பரப்பு. ஏறத்தாழ 4,500 ஆண்டு வயது. ஒரு விதையிலிருந்து தொடங்கிய வாழ்வு அது. பரப்பளவில் இதனை மிஞ்சியது இதுவரையில் காணப்படவில்லை.

இங்கேதான் நம்மை மடக்குகிறது ஒரு கேள்வி. ஒன்று, ஒன்று என்கிறோமே. ஒன்று என்பது எது?

மரபணு ஒன்றாயிருந்தால் உயிரும் ஒன்றா? அப்படியாயின் ஒரே கருவிலிருந்து பிரிந்து பிறந்த இரட்டையர் இருவரும் ஒரே ஆள் ஆகிவிடுவரே! ஒருவன் கடன் வாங்க, மற்றவன் வீட்டை ஏலம் போடலாமே! எந்த நீதிமன்றமும் ஏற்காது. பெற்ற தாயும் ஏற்கமாட்டாள். சரி, வேரால் இணைந்திருப்பதே ஒருமை என்று கூறலாமா? கூறலாம். ஆனால் வேர் ஓரிடத்தில் அழுகி அறுந்துவிட்டால், அன்று காலை ஒன்றாயிருந்தது மாலையில் இரண்டாகிவிடுமா? உயிர் என்னும் சொல்லை நாம் நம் உடலை வைத்துப் பழகியவர்கள். நமக்குத் தோல் உண்டு. தோலுக்கு உள்ளே நான், வெளியே உலகம். பாண்டோவுக்கு அந்த வேலி இல்லை. எனவே நம் சொல் அங்கே தடுமாறுகிறது.

தடுமாறுவது சொல் மட்டுமானால் இலக்கண ஆசிரியரிடம் விட்டுவிட்டு நாம் வேறு வேலை பார்க்கலாம். ஆனால் ஓர் உடல், பல உறுப்பு என்னும் உவமை, வரலாற்றிலே சும்மா கிடந்த உவமை அன்று; மக்களை அடக்கிவைக்கப் பயன்பட்ட உவமை.

உரோமாபுரியை எண்ணிப் பாருங்கள். கி.மு. 494ஆம் ஆண்டிலே, கடன் சுமையும் மேட்டுக்குடியினரின் கொடுமையும் தாங்கமாட்டாத எளிய மக்கள், நகரை விட்டு வெளியேறிக் குன்றின்மேல் சென்று அமர்ந்தனர். அவர்களைத் திருப்பி அழைத்துவர அனுப்பப்பட்டான் மெனீனியஸ் அக்ரிப்பா. அவன் கூறிய கதை புகழ்பெற்றது. உழைக்காமல் தின்கிறதே வயிறு என்று கையும் வாயும் பல்லும் வேலைநிறுத்தம் செய்தனவாம். உடல் முழுவதும் வாடிற்றாம். வயிற்றின் அருமை அப்போதுதான் தெரிந்ததாம்! செல்வர் வயிறு, ஏழை கை. கை உழைப்பதும் வயிறு உண்பதும் இயற்கை என்று முடித்தான். நம் நாட்டிலே முகம் ஒருவர், தோள் ஒருவர், தொடை ஒருவர், பாதம் ஒருவர் என்று பிறவியிலேயே பங்கு பிரித்துக் கொடுத்த கதையை நாம் இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை; இந்த ஏட்டைப் படிப்போர் அதனைப் படித்தல்ல, பட்டு அறிந்தவர்கள்.

இந்தக் கதைகளுக்கெல்லாம் அடிப்படை ஒன்றே: பேருடல் என்றால் தலை வேண்டும், தலை என்றால் கால் வேண்டும். எவ்வளவு பெரிதோ அவ்வளவு உயர்வு தாழ்வு! ஆனால் காண்கிறோம், உலகின் மிகப் பெரிய உயிர்களுக்குத் தலையே இல்லை. பாண்டோவின் 47,000 தண்டுகளில் அரசத்தண்டு எது? மல்ஹியூர்க் காளானின் இழைகளில் எது முகம், எது பாதம்? கல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹவுரா தாவரவியல் பூங்காவில் நிற்கும் பேராலமரத்தை நம்மவர் பலர் பார்த்திருப்பர். புயலில் அடிபட்டு, பூசணம் பிடித்து அழுகிய அதன் அடிமரத்தை 1925இல் வெட்டி அகற்றிவிட்டனர். அடிமரம் போயிற்று, ஆல் போகவில்லை! ஆயிரமாயிரம் விழுதுகளின்மேல் இன்றும் விரிந்துகொண்டே இருக்கிறது.

இதோ கிடைத்துவிட்டது சமத்துவத்துக்கு இயற்கையின் சான்று என்று கைதட்டத் தோன்றுகிறது. நமக்கும் தோன்றிற்று, மறைப்பானேன்! இந்தக் கட்டுரையை அங்கேயே முடித்திருந்தால் மேடைக்கு ஏற்றதாக இருந்திருக்கும். ஆனால் நேர்மை தடுத்தது.

காளானைச் சற்று நெருங்கிப் பாருங்கள். அதற்குத் தலையில்லை, உண்மை. தலைவன் இல்லை, உண்மை. ஒன்றுக்குள் சுவரில்லை, அதுவும் உண்மை. எனினும் அது வளர்வது எப்படி? காலணிக் கயிறு போன்ற கருங்கயிறுகளை மண்ணுக்குள் நீட்டுகிறது. உயிருள்ள மரத்தின் வேரைப் பற்றுகிறது. பட்டைக்கு அடியிலே வெள்ளைத் தகடாகப் படர்ந்து, மரத்துக்குச் செல்லும் நீரையும் உணவையும் மறிக்கிறது. மரத்தைக் கொன்று தின்கிறது. 2,385 ஏக்கரும் அப்படி வந்த ஏக்கர்தாம்! தனக்குள்ளே பேதமில்லாமல் இருந்துகொண்டே பிறரை விழுங்குவதிலே பேரரசாக விளங்கலாம் என்பதற்கும் அதே காளான் சான்று கூறுகிறது. சமத்துவம் வேண்டுவோன் ஒரு பக்கத்தைப் படித்தால், ஆதிக்கம் வேண்டுவோன் மறுபக்கத்தைப் படிப்பான். அக்ரிப்பா வயிற்றைச் சாட்சிக்கு அழைத்தான். நாம் வேரைச் சாட்சிக்கு அழைத்தால் அவனுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? சாட்சி மாறலாம், வழக்காடும் முறை மாறவில்லையே!

மற்றுமோர் இடர் உண்டு, அது இன்னும் கொடிது. தண்டு விழும், வேர் வாழும் என்கிறோம். ஆஸ்பென்னைப் பற்றிக் கூறும்போது இது வெறும் செய்தி. மனிதரைப் பற்றிக் கூறும்போது? நீ விழலாம், நாடு வாழும். நீ பட்டினி கிடக்கலாம், குலப்பெருமை வாழும். நீ எரியலாம், கற்பின் புகழ் வாழும்! இது கற்பனை என்று நினைக்கவேண்டாம். ஆந்திர மாநிலத்திலே, கதிரிக்கு அருகே, திம்மம்மா ஆலமரம் என்று ஒன்று உண்டு. ஏறத்தாழ ஐந்து ஏக்கர் பரப்பிலே நிழல் விரிக்கிறது. உலகின் மிகப் பெரிய ஆல் என்று 1989இல் கின்னஸ் புத்தகத்திலும் ஏறிற்று. அந்த மரம் எப்படி முளைத்தது என்பதற்கு ஊரார் கூறும் வரலாறு: 1434ஆம் ஆண்டிலே திம்மம்மா என்னும் பெண், கணவன் பிணத்தோடு உடன்கட்டை ஏறினாள், சிதையைச் சுற்றி நட்ட கழியொன்று துளிர்த்து இந்த மரமாயிற்று என்பது. பிள்ளையில்லாதவர் வந்து வேண்டிக்கொண்டால் பிள்ளை பிறக்கும் என்றும் நம்புகின்றனர். மரத்தின் ஏக்கர் கணக்கை எல்லோரும் கூறுகின்றனர். எரிந்தவள் என்ன எண்ணினாள், அழுதாளா, அஞ்சினாளா, எவரேனும் கேட்டனரா? ஐந்து ஏக்கர் நிழல் அந்தக் கேள்வியை மறைத்துவிட்டது.

ஆஸ்பென் தண்டு சாயும்போது அதற்கு வலியில்லை. நாளை எண்ணும் நெஞ்சமில்லை. மனிதனுக்கு உண்டு. ஒருவன் வலியை மற்றொருவன் படமுடியாது. ஓர் ஊரே கூடியும் ஒரு குழந்தையின் பசியைப் பங்கு போட்டுக்கொள்ள இயலாது, உணவைப் பங்கு போட்டுக்கொள்ள இயலுமே தவிர. மனிதக் கூட்டம் எவ்வளவு பெரிதாயினும் துன்பத்தின் அளவுகோல் ஒற்றை ஆள்தான். பாண்டோவைப் போல் வாழுங்கள் என்று எவரேனும் மனிதரைப் பார்த்துக் கூறினால், விழப்போகும் தண்டு எது, கூறுபவரா, கேட்பவரா என்று வினவத் தயங்கக்கூடாது.

அந்தப் பாண்டோவே இன்று நலமாக இல்லை. அதன் கதையின் பிற்பகுதி இது.

பழைய விமானப் படங்களை வைத்து ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வெளிவந்தது. தோப்பு ஆண்டுக்கு ஆண்டு வெளுத்துக்கொண்டே வருவது அதிலே தெளிவாயிற்று. முதிய தண்டுகள் சாய்கின்றன, அது வழக்கம். அவற்றின் இடத்திலே இளந்தண்டுகள் எழவில்லை, இது வழக்கமன்று. வேர் கன்றை அனுப்பாமலில்லை. அனுப்புகிறது, கன்று தலைநீட்டியதும் மான் மேய்ந்துவிடுகிறது. ஆண்டில் சில நாள் ஓட்டிவரப்படும் மாடுகளும் மேய்கின்றன. மானைக் குறை கூறலாமா? மான் அங்கே பல்லாயிரம் ஆண்டாக உண்டு. மானை அடக்கிவைத்த ஓநாயையும் கரடியையும் மலைச்சிங்கத்தையும், வெள்ளைக் குடியேறிகள் தம் மந்தைகளைக் காக்கவேண்டிச் சுட்டும் பொறிவைத்தும் ஒழித்தனர், அல்லது அருகச் செய்தனர். மிகப் பெரிய உயிரின் வாழ்வு, அதன் ஆறாயிரம் டன் எடையில் இல்லை. ஒரு சாண் உயரமுள்ள கன்று ஓர் ஆள் உயரம் எட்டுமா என்பதில் இருக்கிறது.

வனத்துறையினர் வேலி போட்டனர். 2013இல் ஒரு பகுதிக்கு. மறு ஆண்டு மற்றொரு பகுதிக்கு. முதல் வேலிக்குள்ளே கன்றுகள் செழித்தன. ஆளை மறைக்கும் உயரத்துக்கு எழுந்தன. இரண்டாம் வேலியை மான் தாண்டிக் குதித்தது! பின்னர் அதனைச் செப்பனிட்டனர். தோப்பின் ஏறத்தாழப் பாதிக்கு வேலியே இல்லாதிருந்தது. 2022இல் அங்கே மீண்டும் ஆய்வு செய்தவர் கண்டது இது: நல்ல வேலிக்குள் ஒரு வகைக் காடு எழுகிறது, பழுதான வேலிக்குள் மற்றொரு வகை, வேலியற்ற வெளியிலே மூன்றாவது வகை. பல்லாயிரம் ஆண்டு ஒன்றாயிருந்ததைக் காக்க வந்த வேலி, அதனை மூன்றாகப் பிரித்து நிறுத்தியிருக்கிறது.

வேலியை எடுத்துவிட்டால் கன்று பிழைக்காது. வேலியை நீட்டிக்கொண்டே போனால் 106 ஏக்கரும் கம்பிக்குள் அடைபட்ட தோட்டமாகும். ஓநாயைத் திரும்பக் கொண்டுவரலாம் என்றால் மந்தை வைத்திருப்போர் எதிர்க்கின்றனர்; அவர்களுக்கும் பிள்ளை குட்டி உண்டு. யூட்டாவில் இது இன்னும் பேசித் தீராத வழக்கு. மரத்தின் பக்கத்தில் வாதாட மரத்துக்கு வாயில்லை. கம்பிக்கு அப்பால் நிற்கும் மானுக்கும் இல்லை.